எர்லாங்கன் பக்கத்துக் குளங்களும் ஏரிகளும்: கோடையில் எங்கே போகலாம்?

புதுக்குடி_எர்லாங்கன்

வணக்கம். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் இருக்கிற எர்லாங்கனுக்குக் குடிவந்த பிறகு எங்களுக்கு இது முதல் கோடை. ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஜூலைக் கடைசியில் வந்து அக்டோபர் நடுவரை இருப்பார்கள். பிள்ளைகள் இரண்டு பேர், பெரியவளுக்கு 9, சின்னவனுக்கு 5. எல்லோரும் தூரத்து ஏரிகளான கோனிக்ஸே போ, போடன்ஸே போ என்கிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, அத்தனை மணி நேரம் ரயிலில் உட்கார வைக்க மனம் வரவில்லை. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எர்லாங்கனுக்கு வடமேற்கே ஹோக்ஷ்டாட் வரைக்கும், அதைத் தாண்டி நொய்ஷ்டாட் வரைக்கும் நீலப் புள்ளிகளாகக் கொட்டிக் கிடக்கிறது. அத்தனையும் குளங்களா? இறங்கிக் குளிக்கலாமா? எங்களிடம் கார் கிடையாது, பஸ், ரயில், இரண்டு சைக்கிள், அவ்வளவுதான். போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

ரோத்_கரை

அந்தக் குளங்களை நம்பி குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மீன் வளர்க்கிற குளங்கள், தண்ணீர் மண் நிறத்தில் இருக்கும், குளிக்கவும் முடியாது, உட்கார ஒரு பெஞ்சு கிடைத்தால் அதிர்ஷ்டம். பிள்ளைகளோடு என்றால் நேராகத் தெற்கே புரோம்பாக் ஏரிக்குப் போங்கள். மணல் கரை, கழிப்பறை, சாப்பாட்டுக் கடை, படகு எல்லாம் இருக்கிறது. நியூரம்பெர்க்கிலிருந்து பிளைன்ஃபெல்ட் வரை ரயில், அங்கே சின்ன ரயில் மாறி ராம்ஸ்பெர்கில் இறங்கினால் ஏரி பக்கத்திலேயே.

வெண்கொக்கு

ரோத்_கரை சொல்வதில் குளிக்க முடியாது என்பது சரி. குடும்பத்தோடு போகவே வேண்டாம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் வரைபடத்தில் பார்த்தது ஐஷ்கிருண்ட். ஐஷ் என்கிற சிறிய ஆறு ஓடுகிற பள்ளத்தாக்கும் அதன் இரண்டு பக்கத்து மேட்டு நிலமும். அங்கே 7000-க்கும் மேல் குளங்கள் இருக்கின்றன, ஏறக்குறைய எல்லாமே மனிதர் வெட்டியவை. அடியில் களிமண், தண்ணீர் கீழே இறங்காது, ஆனால் உழவுக்கு அந்த நிலம் சிரமம். மழையும் அங்கே குறைவு. அதனால் இடைக்காலத்திலேயே மடங்களும் பிரபுக்களும் கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கி மீன் வளர்க்க ஆரம்பித்தார்கள். கத்தோலிக்க விரத நாட்களில் இறைச்சி கூடாது, மீன் கூடும், அந்த நாட்கள் வருடத்தில் ஏராளம். கடல் மிகத் தொலைவு. அப்புறம் என்ன, கெண்டைதான்.

பல குளங்களுக்கு ஆற்றுத் தண்ணீரே கிடையாது. மழையும் பனி உருகுவதும் மட்டும்தான் வரத்து. சரிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள், மேல் குளம் வடிந்தால் கீழ்க் குளம் நிறையும். நம் ஊர் ஏரிச் சங்கிலியைப் பார்த்த கண்ணுக்கு உடனே பிடிபடும், உங்கள் அப்பா கரையில் நின்றதுமே மதகு எங்கே என்று தேடுவார் பாருங்கள்.

தண்ணீர் கலங்கி இருப்பதைச் சிலர் அழுக்கு என்று நினைக்கிறார்கள். கெண்டை அடிச்சேற்றை வாயால் உறிஞ்சி, அதிலிருக்கிற புழுவையும் பூச்சி முட்டையையும் தின்றுவிட்டு மண்ணைத் துப்புகிற மீன். அது மேய்கிற குளம் கலங்கித்தான் இருக்கும். தெளிந்த குளம் என்றால் மீன் குறைவு என்று அர்த்தம்.

ஜூலையில் எதைப் பார்க்கலாம்? கரையோர நாணலுக்கு வெளியே கொண்டை முக்குளிப்பான் நீந்தும், அதன் முதுகில் கோடு போட்ட தலையோடு குஞ்சுகள் சவாரி செய்யும். தாய் முங்கும்போது அவை சிதறி மிதந்து, அது மேலே வந்ததும் மறுபடியும் இறக்கைக்கு அடியில் ஏறிக்கொள்ளும். 9 வயதுப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஹோக்ஷ்டாட் பக்கத்தில் மோர்ஹோஃப் என்கிற இடத்துக் குளங்கள் 1982-லிருந்தே பாதுகாக்கப்பட்ட பகுதி, பறவை பார்க்கிறவர்கள் நெடுந்தொலைவிலிருந்து வருகிறார்கள். யூல்ஃபெல்ட் கிராமத்தில் கூரைக்குக் கூரை வெண்ணாரைக் கூடு. நடக்க முடியாதவர்கள்கூடத் தெருவில் நின்றே பார்க்கலாம், ஆனால் ஆகஸ்ட் கடைசிக்குள் அவை கிளம்பிவிடும், ஆகையால் பெற்றோர் வந்ததும் முதல் வேலையாக அங்கே போங்கள்.

இசார்_தம்பி

குளிக்கக் கூடாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பவேரிய அரசியல் சட்டம் 141-ஆவது பிரிவே இயற்கையை அனுபவிக்க எல்லோருக்கும் உரிமை தருகிறது, காடு, மலை, ஏரி, ஆறு எல்லாவற்றுக்கும் போகலாம் என்று. மியூனிக் பக்கத்து ஏரிகளில் நான் யாரையும் கேட்டதே இல்லை.

வெண்கொக்கு

தம்பி, அதே பிரிவிலேயே இயற்கையைப் பேணி நடந்துகொள்ள வேண்டும் என்ற கடமையும் சேர்த்து எழுதியிருக்கிறது. பொது ஏரி வேறு, இது வேறு. இவை ஒருவர் மீன் விட்டு, தானியம் போட்டு வளர்க்கிற குளங்கள். நெல் வயலுக்குள் இறங்கி உருண்டு புரள மாட்டோம் இல்லையா? பாதை இருக்கிற இடத்தில் தாராளமாக நடக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சொல்லப்போனால் வணக்கம் சொல்வார்கள். பாதை இல்லாத கரையில், பலகை வைத்துத் தடுத்திருக்கிற கரையில் ஏற வேண்டாம். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை நாணலுக்குள் கூடு இருக்கும், ஒரு ஆள் கரையோரமாக நடந்தாலே பறவை எழுந்து போய்விடும், அந்த நேரத்தில் முட்டையைக் காக்கை கொண்டுபோகும்.

குளிர்காலத்துக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், யாராவது டிசம்பரில் இதைப் படிக்கலாம். உறைந்த குளத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் சறுக்க ஆசைப்படுவார்கள். அடியில் மீன்கள் அசையாமல் கிடந்து சேர்த்து வைத்த கொழுப்பில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். மேலே தடதட என்று ஓடினால் அவை கலைந்து நீந்த ஆரம்பிக்கும், இருக்கிற பிராணவாயுவும் தெம்பும் தீர்ந்துபோகும். வசந்தத்தில் மிதக்கிற மீனைப் பார்ப்பவர் அந்தக் குளத்துக்காரர்தான்.

நீச்சல்_அக்கா

குளிப்பதைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் பலர் பெரியவர்களான பிறகுதான் நீச்சல் கற்கிறார்கள், இல்லை கற்பதே இல்லை, ஆனால் வெயில் அடித்தால் தண்ணீரில் இறங்கிவிடுகிறார்கள்.

எர்லாங்கன் எல்லைக்குள்ளேயே டெக்ஸன்டார்ஃப் குளம் இருக்கிறது, சைக்கிளிலேயே போய்விடலாம், புல்வெளியும் மரநிழலும் அருமை. அங்கே சிக்கல் என்னவென்றால் வெயில் ஏறினால் நீலப்பச்சைப் பாசி வந்துவிடும், பல கோடைகளில் குளிக்கத் தடை போட்டிருக்கிறார்கள். போகும் முன் நகராட்சி அறிவிப்பைப் பாருங்கள். அறிவிப்பு இல்லாவிட்டாலும் நீங்களே சோதிக்கலாம்: முழங்கால் ஆழத்தில் நில்லுங்கள், தண்ணீர் பச்சையாகக் கலங்கி உங்கள் பாதம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் உடனே வெளியே வந்துவிடுங்கள். பச்சைப் பெயின்ட் கொட்டிய மாதிரி கரையோரம் திட்டுத் திட்டாக ஒதுங்கியிருந்தால் சின்னவனை மணலில்கூட விளையாட விடாதீர்கள். குழந்தைகள் வாயில் தண்ணீர் போகும், அதுதான் பயம். வாந்தி, வயிற்றுப்போக்கு, தோல் அரிப்பு எல்லாம் வரும். நாய்கள் செத்தே போயிருக்கின்றன.

அடுத்து சரளைக்கல் தோண்டிய குழிகள், இங்கே அவற்றையும் ஏரி என்றுதான் சொல்வார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டு அடி எடுத்து வைத்தால் தரை காணாமல் போகும், மேலே வெதுவெதுப்பு, கீழே ஐஸ். நீச்சல் நன்றாகத் தெரிந்த இளைஞர்களே அந்தக் குளிரில் கை கால் விறைத்துப் போகிறார்கள். பாதுகாவலர் இல்லாத இடத்தில் அப்படிப்பட்ட குழிகளில் இறங்கவே வேண்டாம். இதில் எனக்கு எந்தச் சமரசமும் கிடையாது.

மகளுக்குப் பள்ளியில் கடல்குதிரை பேட்ஜ் கொடுத்திருப்பார்கள். அது 25 மீட்டர் நீந்தினாள் என்பதற்கான சான்று மட்டும். உயிர்காக்கும் அமைப்புகளே அந்த அளவை நீச்சல் தெரிந்தவர் என்று ஏற்பதில்லை, வெண்கலப் பேட்ஜ் வாங்கினால்தான் ஏற்கிறார்கள். அதுவரை கை நீட்டினால் எட்டுகிற தூரத்திலேயே இருங்கள். காற்றடைத்த முதலை, வாத்து எல்லாம் காற்றுக்கு நடு ஏரிக்குப் போய்விடும், வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

ரோத்_கரை

அக்கா சொன்னதற்காகத்தான் நானும் புரோம்பாக் என்றேன். நீர்க் காவலர்கள் இருக்கிறார்கள், ஆழமில்லாத இடம் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள்.

வெண்கொக்கு குளங்களின் கதையைச் சொன்னார், ஏரிகளின் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். பவேரியாவின் வடபகுதியான ஃபிராங்கோனியாவின் பெரிய ஏரிகளும் இயற்கையில் வந்தவை இல்லை. பவேரியாவின் தெற்கே டான்யூப் பக்கம் ஆல்ப்ஸ் மழையால் தண்ணீர் நிறைய, வடக்கே ரெக்னிட்ஸ், மைன் ஆறுகளின் பக்கம் வறட்சி, நியூரம்பெர்க் மாதிரி பெரிய ஊர்களும் தொழிற்சாலைகளும் அங்கேதான். 1970 ஜூலையில் மாநிலச் சட்டமன்றம் தெற்குத் தண்ணீரை வடக்குக்குக் கொண்டுபோகத் தீர்மானம் போட்டது. சராசரியாக வருடத்துக்கு 15 கோடி கன மீட்டர். பெரும்பகுதி மைன்–டான்யூப் கால்வாய் வழியாக நிலைகள்தோறும் பம்பு வைத்து ஏற்றி ரோத் ஏரிக்கு வருகிறது. மீதி ஆல்ட்மூல் ஆற்றின் வெள்ளநீர், அது ஆல்ட்மூல் ஏரியில் பிடிக்கப்பட்டு புரோம்பாக்குக்குப் போய்ச் சேருகிறது. வடக்கே ஆறு வற்றும்போது திறந்துவிடுவார்கள். அதனால்தான் கோடைக் கடைசியில் சில வருடம் கரை அகலமாகத் தெரியும், தண்ணீர் இறங்கியிருக்கும், அது அந்த ஏரி தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

பெரிய புரோம்பாக் ஏரி 2000-த்தில்தான் திறக்கப்பட்டது. அடியில் ஒரு பள்ளத்தாக்கும் அதிலிருந்த ஆலைகளும் மூழ்கிப்போயின. தப்பிய ஓர் ஆலையில், பிளைன்ஃபெல்ட் பக்கம் மான்டிலெஸ்மூலே என்ற இடத்தில், இதை விளக்குகிற காட்சிக்கூடம் வைத்திருக்கிறார்கள். நதிநீரைத் திருப்புவதைப் பற்றி நம் ஊரில் காலம் காலமாகப் பேசுகிறோம், உங்கள் அப்பாவுக்கு இது நிச்சயம் பிடிக்கும். முழங்கால் வலி என்றால் மூன்று உடல் கொண்ட அந்தப் பெரிய பயணப் படகில் ஏற்றிவிடுங்கள், உட்கார்ந்தே ஏரியைச் சுற்றிவிடலாம்.

ஆல்ட்மூல் ஏரி ஆழம் குறைந்தது, சீக்கிரம் சூடாகும், பிள்ளைகளுக்கு நல்லது, ஆனால் அங்கேயும் பாசித் தொல்லை உண்டு. அதில் பறவைத் தீவு என்று ஒரு பகுதி இருக்கிறது, சமமான பாதை, பார்வை மேடை எல்லாம் உண்டு. குன்ட்சன்ஹௌசன் வரை ரயில். வீட்டுக்கு மிகச் சுலபம் ரோத் ஏரிதான், நியூரம்பெர்க்கிலிருந்து அல்லர்ஸ்பெர்க்குக்கு அதிவேகத் தடத்தில் வண்டி, கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம்.

புதுக்குடி_எர்லாங்கன்

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. அப்படியென்றால் குளிக்க ரோத், அப்பாவுக்கு புரோம்பாக், பறவைக்கு ஐஷ்கிருண்ட். ஒன்று கேட்கிறேன் வெண்கொக்கு, பெற்றோர் அக்டோபர் நடுவரை இருக்கிறார்கள். அந்த நேரத்தில் குளங்கள் எப்படி இருக்கும்? மீன் பிடிப்பதைப் பார்க்க முடியுமா?

வெண்கொக்கு

முடியும், அதற்காகத்தான் போக வேண்டும் என்றே சொல்வேன். கோடையில் அந்த ஊர் அழகு, இலையுதிர் காலத்தில் அந்த ஊர் என்ன செய்து பிழைக்கிறது என்று தெரியும்.

குஞ்சு பொரித்து மூன்றாவது கோடை முடியும்போது கெண்டை சாப்பாட்டு அளவுக்கு வந்துவிடும், ஒன்றேகால், ஒன்றரை கிலோ. செப்டம்பரில் ஆரம்பித்து நவம்பர் வரை ஒவ்வொரு குளமாக வடிப்பார்கள். மதகில் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகியிருக்கும். ஒரு பலகையை எடுத்து, தண்ணீர் இறங்கக் காத்திருந்து, அப்புறம் அடுத்தது. அவசரப்பட்டால் மீன் சேற்றில் சிக்கிக்கொள்ளும். பெரிய குளம் என்றால் இதற்கே நாட்கள் ஆகும். கடைசியில் மதகுக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும், அதில் அத்தனை மீனும் கூடும். விடியற்காலையில் பனிமூட்டத்தில் நின்றால் முதலில் சத்தம்தான் கேட்கும், நூற்றுக்கணக்கான வால் ஒரே நேரத்தில் சேற்றை அடிக்கிற சத்தம். பிறகு வெளிச்சம் வந்ததும் பொன்னும் பச்சையுமாக முதுகுகள் தெரியும். இடுப்புவரை ரப்பர் உடுப்புப் போட்டவர்கள் வலையைச் சுருக்கி, கூடைவலையால் அள்ளி, மேசையில் கொட்டி, அளவு பார்த்துப் பிரிப்பார்கள். சின்னதெல்லாம் வேறு குளத்துக்குப் போகும். வேலை நடக்கும்போது வழியை மறைக்காமல் தள்ளி நின்று ஒரு வணக்கம் சொன்னால் போதும், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுகிறவர்களும் உண்டு.

எங்கே எந்த நாள் என்று பெரும்பாலும் விளம்பரம் இருக்காது. கெண்டை பரிமாறுகிற உணவகத்தில் கேளுங்கள், நிறைய இடங்களில் சமைப்பவர்களின் சொந்தக் குளமாகவே இருக்கும்.

கொல்லிமலை_சமையல்

சாப்பாடு என்று வந்ததால் உள்ளே நுழைகிறேன். ஐஷ்கிருண்ட் கெண்டையை நான் ஒரு தரம் சாப்பிட்டேன், மண் வாசம் தூக்கியது. அயிரை, விரால் என்று சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இது சரிவருமா?

வெண்கொக்கு

அது குளத்துப் பாசியும் மண்ணிலிருக்கிற நுண்ணுயிர்களும் உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்ற பொருளின் வாசம். மழை பெய்ததும் மண் மணக்கிறதே, அதற்கும் அதுதான் காரணம். பிடித்த மீனைத் தெளிந்த ஓடுகிற தண்ணீர்த் தொட்டியில் போதுமான நாள் விட்டு வைத்தால் போய்விடும். உங்களுக்குக் கிடைத்தது அப்படி வைக்காத மீன். நல்ல இடத்தில் சாப்பிட்டுப் பாருங்கள். மீனைத் தலையிலிருந்து வால்வரை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, மாவில் புரட்டி, உருக்கிய வெண்ணெயில் முழுக்காட்டிப் பொரிப்பார்கள், பாதி மீன் தட்டில் வளைந்து நிற்கும். வால் துடுப்பு அப்பளம் மாதிரி நொறுங்கும், அங்கத்திய ஆட்கள் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். பக்கத்தில் உருளைக்கிழங்கு சாலட். சினையையும் பொரித்துத் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளுக்கு மட்டும் முள்ளை நுணுக்கி வெட்டிய துண்டு கேளுங்கள், கெண்டையில் ஒய் வடிவ முள் அதிகம்.

மாதத்தின் பெயரில் ‘ர’ ஒலி வருகிற செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் கெண்டை என்பது அங்கே வழக்கம். ஜூலையில் போய்க் கேட்டால் கிடைக்காது.

கொல்லிமலை_சமையல்

ஓ, ஜியோஸ்மினா. அப்படியென்றால் புளிப்பு அதை உடைக்கும். இங்கேயும் வினிகர் போட்டு வேகவைக்கிற ஒரு முறை உண்டே. முழு மீனை உயிரோடு பார்த்து வாங்கி, துண்டு போட்டு, மஞ்சளும் கல் உப்பும் தேய்த்துக் கழுவி, புளி கொஞ்சம் தூக்கலாகக் கரைத்துக் குழம்பு வைக்கப்போகிறேன். வைத்த அன்றைக்குத் தொடக்கூடாது, மறுநாள்தான்.

மருதன்

எல்லோரும் அழகையும் சாப்பாட்டையும் பேசுகிறீர்கள். அந்தக் குளங்கள் இன்னும் எத்தனை காலம் இருக்கும் என்பதுதான் என் கவலை. பெரும்பாலோருக்கு அது பகுதிநேரத் தொழில், இரண்டு மூன்று சின்னக் குளம், மற்ற நாளில் வேறு வேலை. நீர்க்காகம் கூட்டமாக வந்து இறங்கினால் சின்ன மீன் மிஞ்சாது, நீர்நாய் வந்தால் பெரிய மீனும் போகும், கஸ்தூரி எலி கரையைக் குடைந்து துளை போடும். வானத்தை மட்டும் நம்பியிருக்கிற குளத்துக்கு வறண்ட வருடம் வந்தால் தண்ணீரே இல்லை. பிள்ளைகள் தொடர விரும்புவதில்லை. கைவிட்ட குளம் நாணல் மூடி, சேறு தூர்ந்து, கொஞ்ச வருடத்தில் புதராகிவிடும், அப்புறம் முக்குளிப்பானும் கிடையாது. இயற்கைப் பாதுகாப்பு என்று ஒதுக்கி வைத்தால் மட்டும் அங்கே ஒன்றும் நிலைக்காது. யாராவது கரையைக் கட்டி, வடித்து, தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெண்கொக்கு

மருதன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. இதனால்தான் வெறுமனே படம் எடுத்துவிட்டு வராதீர்கள், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஐஷ்கிருண்ட் கெண்டைக்கு 2012-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது, ஆனால் முத்திரை மட்டும் குளத்தைக் காப்பாற்றாது, வாங்குகிற கை வேண்டும். நீர்நாயை நான் குறை சொல்ல மாட்டேன், அதற்கும் வாழ இடம் வேண்டும், நஷ்டத்தைக் குளத்துக்காரர் தலையில் மட்டும் கட்டுவதுதான் தவறு.

புதுக்குடி_எர்லாங்கன்

அம்மா இப்போதே வீடியோ அழைப்பில் கேட்டுவிட்டார்: கோயில் குளத்து மீனுக்குப் போடுகிற மாதிரி பொரி கொண்டு வரலாமா என்று. கெண்டைக்கும் வாத்துக்கும் போட்டால் தப்பா? அப்புறம் கார் இல்லாமல் ஹோக்ஷ்டாட் போக ஒரே வழி பஸ்தானா?

வெண்கொக்கு

பொரி வேண்டாம், ரொட்டியும் வேண்டாம். குளத்துக்காரர் தண்ணீரின் சூட்டைப் பார்த்து அளந்துதான் தானியம் போடுகிறார், மிஞ்சியது அழுகினால் மீனுக்குப் பிராணவாயு குறையும். அம்மாவுக்கு ஆசை என்றால் நொய்ஷ்டாட்டில் பழைய கோட்டைக்குள் இருக்கிற கெண்டை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள், நியூரம்பெர்க்கிலிருந்து வூர்ட்ஸ்பர்க் போகிற தடத்தில் நேர் ரயில் இருக்கிறது. எல்லா நாளும் திறந்திருக்காது, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோக்ஷ்டாட்டுக்குப் பயணிகள் ரயில் கிடையாது, எர்லாங்கனிலிருந்து பஸ். வார இறுதியில் வண்டி குறைவு, திரும்புகிற நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். நீங்களும் மகளும் மட்டும் என்றால் ஐஷ் ஆற்றோரமாகவே சைக்கிள் பாதை இருக்கிறது, ஏற்றம் அதிகம் இல்லை. ஞாயிறு மதியம் கெண்டை சாப்பிடப் போனால் முன்பதிவு செய்யுங்கள், கையில் ரொக்கம் வைத்திருங்கள், கிராமத்து உணவகங்களில் கார்டு எடுக்காத இடங்கள் இன்னும் உண்டு.